ஒரு நெடில், இரண்டு குறில்

அசெம்பிள் செய்த கணினிகள் விற்கும் கடைத்தெரு எதுவானாலும் சரி, சென்னை ரிச்சி தெருவோ கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவோ, பழுதுக்கு வரும் பெட்டியோடு சேர்ந்தே வரும் சொல் ஒன்று உண்டு: "டிஸ்ப்ளே வரல." விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு. பெட்டியைத் தூக்கிவந்தவர் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்திருப்பார், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று. கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமை உருவி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிப்பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துச் செருகுவார். அப்போதும் வராவிட்டால் கார்டைக் கழற்றி மாட்டுவார், கேபிளை மாற்றுவார், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்ப்பார். மின்னணுவியல் படித்தவர்கள் இதைக் கண்டு சிரிப்பதுண்டு. அளவுமானி இல்லை, சுற்றுப்படம் இல்லை, கழற்றி மாட்டுவதும் ஒரு வைத்தியமா என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லை என்பது என் கட்சி. தனித்தனி உறுப்புகளைக் கோத்த கணினியின் நாற்பதாண்டுச் சரித்திரத்தில், திரை வராத கோளாறு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக முளைத்த இடம் மூட்டுதான். ஒருவர் செய்த பொருளும் இன்னொருவர் செய்த பொருளும் சந்திக்கும் இடத்தைத்தான் மூட்டு என்கிறேன். மூட்டுவலிக்காரரை மடக்கி நீட்டிப் பார்க்காத வைத்தியர் எங்கே இருக்கிறார்?

அந்த மூட்டு முதலில் எங்கே உண்டானது என்று தேடிப் போனால் 1981 ஆகஸ்ட் 12-இல் போய் நிற்போம். ஐபிஎம் தன் 5150 கணினியை அறிவித்த நாள் அது. அதற்கு முன் வீடுகளுக்கு வந்த கணினிகள் பலவற்றில் படம் வரையும் சுற்று தாய்ப்பலகையிலேயே இருந்தது. 1977-இல் வந்த ஆப்பிள் 2 அப்படிப்பட்டதுதான். திரை வராவிட்டால் கேட்க வேண்டிய ஆள் ஒருவரே, பெட்டியைச் செய்தவர். புளோரிடா மாநிலத்துப் போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இருந்த ஐபிஎம் குழு வேறு வழியில் போனது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் சரக்கு கடைக்குப் போக வேண்டும் என்ற அவசரம். வெளிச்சந்தையில் கிடைத்த உறுப்புகளை வாங்கிக் கோத்தார்கள். மதர்போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள் வைத்தார்கள், திரைக்கென்று போர்டில் ஒன்றுமே வைக்கவில்லை. கணக்கு வழக்கு எழுதுகிறவர் எம்டிஏ கார்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் எழுத்து மட்டும் வரும், வரிக்கு 80 எழுத்தாக 25 வரி, நினைவகம் 4 கிலோபைட். வண்ணம் வேண்டுபவருக்கு 16 கிலோபைட் நினைவகத்தோடு சிஜிஏ, 320-க்கு 200 புள்ளிகளில் நான்கு வண்ணம். இரண்டிலும் படத்தை ஓட்டியது மோட்டோரோலா 6845 என்ற ஒரே சில்லுதான். வாங்குகிறவருக்கு அன்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அதோடு கூட, முன்பு இல்லாத ஒரு சந்தேகமும் கிடைத்தது: திரை வராவிட்டால் குற்றம் போர்டிலா, கார்டிலா, மானிட்டரிலா?

தன் ஸ்லாட்டில் எந்தக் கார்டு இருக்கிறது என்பது அந்த மதர்போர்டுக்குத் தானாகத் தெரியாது, ஆள் சொல்ல வேண்டும். போர்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகளில் ஐந்தாவதும் ஆறாவதும் அதற்காகவே வைக்கப்பட்டவை. சுவிட்ச் ஒன்றைச் சொல்ல ஸ்லாட்டில் வேறொன்று இருந்தால், தொடக்கச் சோதனை இல்லாத கார்டின் நினைவகத்தைத் தேடும். கிடைக்காதபோது ஒலிபெருக்கியில் ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டை பீப் கேட்கும். தமிழ் வகுப்புக் கணக்கில் ஒரு நெடில், இரண்டு குறில். மற்ற உறுப்புகள் பல பழுதானால் கணினி அதைத் திரையில் எழுதிக் காட்டலாம். திரையே பழுதானால் எங்கே எழுதும்? வாய் கட்டப்பட்டவன் கைதட்டிக் கூப்பிடுவதுபோல் அது ஒலியைத் தேர்ந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஒலி உண்மையில் என்ன சொன்னது என்பதுதான். கார்டு செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நான் தேடிய இடத்தில் நினைவகம் பதில் தரவில்லை, அவ்வளவுதான் அதன் செய்தி. கார்டு பழுதாக இருக்கலாம். ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கார்டு நலமாக இருந்து சுவிட்ச் பொய் சொல்லியிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே ஒலி. இது யூகம் அல்ல. ஐபிஎம் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டில் சுற்றுப்படங்களோடு, கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ் நிரலும் வரிக்கு வரி அச்சிடப்பட்டிருந்தது. எந்தச் சோதனை தோற்றால் எந்த ஒலி என்பதை விலை கொடுத்து வாங்கிய எவரும் படிக்கலாம். கழற்றி மாட்டும் முறையின் வேர் அறியாமையில் இருக்கிறது என்பவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டலாம். ஒரே ஒலிக்கு மூன்று காரணம் என்றால், ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு தர்க்கம் கிடையாது.

மூட்டில் ஏற்படும் கோளாறு எவ்வளவு விலை வைக்கும் என்பதற்கும் அதே ஆண்டுகளில் சாட்சி உண்டு. எம்டிஏவுக்கும் சிஜிஏவுக்கும் மானிட்டர் செருகும் முனை ஒன்றேதான், ஒன்பது பின். ஆனால் உள்ளே ஓடும் தாளம் வேறு. எம்டிஏ நொடிக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் கோடுகள் வரையும். சிஜிஏ பதினைந்தாயிரத்துச் சொச்சம். வண்ணக் கார்டை ஒற்றை நிற மானிட்டரில் செருகினால் இடுக்கில்லாமல் பொருந்தும், மானிட்டர் கெட்டும் போகலாம். கையில் உள்ள கார்டும் நல்லது, மானிட்டரும் நல்லது, சேர்த்ததுதான் தவறு. 1982-இல் ஹெர்குலிஸ் நிறுவனத்தின் கார்டு மூன்றாம் ஆளாக வந்து சேர்ந்தது. அதைச் செய்த வான் சுவன்னுகுல் தாய்லாந்துக்காரர். தாய் எழுத்தைத் திரையில் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக 720-க்கு 348 புள்ளிகளில் ஒற்றை நிறப் படம் தரும் கார்டை உருவாக்கினார். ஆங்கிலம் மட்டும் அறிந்த கார்டுகளால் வஞ்சிக்கப்பட்ட எழுத்துகளில் தமிழும் ஒன்று என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு இன்னொரு ஸ்லாட்டைப் பிடித்துக்கொண்டு இந்திய எழுத்துகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு புதிய கார்டும் ஒரு புதிய வசதி, ஒரு புதிய மூட்டு.

ஐபிஎம்மைப் பார்த்து மற்றவர்களும் கணினி செய்யத் தொடங்கியபோது மொழியும் கிளைத்தது. பயாஸ் நிரலை அப்படியே நகலெடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே பீனிக்ஸ், அவார்ட், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் சொந்தமாக எழுதி விற்றன. கடைசியில் சொன்னது 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்பிரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கிய நிறுவனம்; பின்னாளில் சென்னையிலும் அதற்கு அலுவலகம் வந்தது. அவார்டில் திரைக் கோளாறுக்குப் பழைய ஒரு நெடிலும் இரண்டு குறிலும்தான். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸில் எட்டுக் குறில். பீனிக்ஸோ எண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒலித்தது. ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் என்பதுபோல் ஆனது. மேசையில் நிற்பவர் முதலில் போர்டில் ஒட்டிய பயாஸ் சீட்டைப் படிக்க வேண்டும், பிறகுதான் பீப்பை எண்ண வேண்டும். இதற்கிடையில் இன்னொரு வழியும் திறந்தது. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி, சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணைக் குறிப்பிட்ட முகவரிக்கு எழுதியது. அதைப் பிடித்து இரண்டு இலக்கத்தில் காட்டும் சிறு கார்டுகள் பழுதுக்கடைகளுக்கு வந்தன. சுற்றுப்படம் இல்லாதவர் கையில் கிடைத்த முதல் உண்மையான அளவுமானி அதுதான் என்பேன். ஆனால் அதுவும் எந்தப் படியில் வண்டி நின்றது என்று காட்டுமே தவிர, தண்டவாளம் ஏன் உடைந்தது என்று சொல்லாது.

தொண்ணூறுகளில் ஸ்லாட்டே மாறிக்கொண்டிருந்தது. ஐஎஸ்ஏ போய் 1992-இல் பிசிஐ வந்தது. 1997-இல் கிராபிக்ஸுக்கென்றே ஏஜிபி. இதில் ஏஜிபியின் கதை என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. அதன் முதல் தலைமுறை 3.3 வோல்ட்டில் வேலை செய்தது, அடுத்தது 1.5 வோல்ட்டில். தவறானது தவறான இடத்தில் நுழையக் கூடாது என்பதற்காக கார்டின் விளிம்பில் வெட்டும் ஸ்லாட்டில் தடுப்பும் வைத்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 3.3 வோல்ட் மட்டுமே தெரிந்த சில கார்டுகள் இரண்டு வெட்டோடும் சந்தைக்கு வந்தன, எல்லா ஸ்லாட்டுக்கும் ஏற்றவை போன்ற வேடத்தில். பென்டியம் 4 காலத்து இன்டெல் 845, 850 சிப்செட் போர்டுகள் 1.5 வோல்ட் மட்டுமே தாங்குபவை. அவற்றில் இந்தக் கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால் கார்டு பிழைக்கும், போர்டு போகும். சில மதர்போர்டு நிறுவனங்கள் ஸ்லாட்டின் அருகே ஒரு சிவப்பு விளக்கை வைத்து, பொருந்தாத கார்டு இருந்தால் அதை எரியவிட்டு மின்சாரத்தையே மறுத்தன. இதில் முரண் என்னவென்றால், சந்தேகப்பட்ட கார்டை வேறொரு நல்ல போர்டில் செருகிப் பார்ப்பது என்ற பழைய, நம்பகமான வைத்தியமே இங்கே இன்னொரு போர்டைக் கொன்றது. கழற்றி மாட்டும் முறைக்கு எதிராக எடுத்துவைக்கக்கூடிய வலுவான சாட்சி இதுதான், மறைப்பதற்கில்லை. மூட்டுகளை ஒரு தரப்பு தப்பாகச் செய்துவிட்டால் அவற்றை நம்பிச் சோதிப்பவரும் ஏமாறுவார். அந்தக் காலத்தில் கார்டை வாங்கியதும் வெட்டை மட்டும் பாராமல் சில்லின் பெயரையும் படித்துவிட்டுச் செருகும் வழக்கம் தேவைப்பட்டது இதனால்தான்.

அடுத்த மூட்டு மின்சாரம். ஸ்லாட் தரும் மின்சாரமே போதும் என்றிருந்த கார்டுகள் 2000 வாக்கில் தனிக் கேபிள் கேட்க ஆரம்பித்தன. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 5 5500 ஹார்டு டிஸ்க்கின் மின்முனையைக் கேட்டது. 2002-இன் ரேடியான் 9700 புரோ பிளாப்பியின் மின்முனையை. 2004-இல் பரவத் தொடங்கிய பிசிஐ எக்ஸ்பிரஸ் இதை ஒழுங்குபடுத்தியது: பெரிய ஸ்லாட்டிலிருந்து 75 வாட், ஆறு பின் முனையிலிருந்து இன்னொரு 75, எட்டு பின் முனையிலிருந்து 150. கேபிளை மறந்தால் கார்டே சிறிதளவு மின்சாரத்தில் விழித்து, மின்கேபிளைச் செருகு என்று திரையில் எழுதிக் காட்டும் ஏற்பாட்டையும் சில கார்டுகளில் வைத்தார்கள். ஆனால் கேபிள் செருகியிருந்தும் அதன் மறுமுனையில் உள்ள எஸ்எம்பிஎஸ் சீட்டில் எழுதிய வாட்டைத் தராவிட்டால் யார் சொல்வார்கள்? மேசைத்திரை வரும், பாட்டு கேட்கலாம், கடிதம் எழுதலாம். விளையாட்டைத் திறந்த சில நிமிடத்தில் திரை இருண்டுவிடும். வாடிக்கையாளர் கார்டைத்தான் திட்டுவார். பெட்டியில் பளபளப்பதற்கு நிறையச் செலவழித்து எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிப்பது நம் ஊர்க் கடைத்தெருவின் பழைய வியாதி. கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு யார் காசு கொடுப்பது?

இத்தனைக்கும் பிறகு மூட்டு தேறிவிட்டதா என்றால், 2022 அக்டோபரில் என்விடியா கொண்டுவந்த ஆர்டிஎக்ஸ் 4090 பதில் சொல்கிறது. 450 வாட் விழுங்கும் அந்தக் கார்டுக்காக, 600 வாட் வரை தாங்கும் பதினாறு பின் முனை ஒன்று வந்தது. 12 பின்களில் மின்சாரம், நான்கு மெல்லிய பின்களில் தகவல். சில வாரங்களில் முனைகள் உருகிய படங்கள் உலகைச் சுற்றின. நவம்பரில் என்விடியா சொன்னது: தங்களுக்குத் தெரிந்தவை ஐம்பது அளவில், முனை முழுதாக உள்ளே போகாததே பொதுவான காரணம். பயன்படுத்தியவர் மேல் பழி போடுவதா என்ற கோபம் எழுந்தது, நியாயமான கோபமும்கூட. அரைகுறையாகச் செருகினாலும் முழு மின்சாரத்தையும் ஓடவிட்ட முனையைச் செய்தவர் யார்? அடுத்த ஆண்டே திருத்திய வடிவம் வந்தது. தகவல் பின்களைக் குட்டையாக்கினார்கள். முனை முழுதாக உட்காராவிட்டால் அவை தொடாது, தொடாவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. 1981-இன் சுவிட்சில் தொடங்கிய அதே பிரச்சினை, சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்பது, நாற்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் சில பின்களின் நீளத்தில் விடை தேடிக்கொண்டது.

கார்டே சாவதில்லையா என்று கேட்கலாம். சாகிறது, அதை மறுப்பது முட்டாள்தனம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மட்டமான மின்தேக்கிகள் உப்பி வெடித்து எத்தனையோ போர்டுகளையும் கார்டுகளையும் கொண்டுபோயின. 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிகளுக்கான தன் சில சில்லுகளின் பொதிப்பொருளில் பலவீனம் இருப்பதாகச் சொல்லி 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சில்லுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய பற்றுக் குமிழ்கள், சூடேறி ஆறி, சூடேறி ஆறி, விரிசல் விட்டன. அந்தக் காலத்தில்தான் செத்த கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டு உயிர்ப்பிக்கும் விநோத வைத்தியம் பரவியது. சுட்டால் சில நாள் வேலை செய்யும், பிறகு மறுபடி போகும். அந்தச் சில நாள்தான் நோயின் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சிலிக்கனில் எரிந்தது எதுவும் அடுப்பில் குணமாகாது. விலகிய தொடர்பு மட்டுமே சூட்டில் சற்று ஒட்டிக்கொள்ளும். இதையும் மூட்டு என்று என் கட்சியில் சேர்த்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அது வாதத்தை ரப்பர்போல் இழுப்பதாகும். ரிச்சி தெருக் கடைக்காரர் விரலால் எட்டக்கூடிய மூட்டு அது இல்லை. அவருக்கு அது செத்த கார்டுதான். என் வாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: எட்டக்கூடிய மூட்டுகள் அத்தனையும் நலம் என்று தெரிந்த பிறகே அந்தத் தீர்ப்புக்கு வர வேண்டும்.

மென்பொருள்தானே பாதிக் கோளாறு என்பார் இன்னொருவர். இதற்கும் ஒரு கோடு கிழித்துத் தந்தது சரித்திரமே. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ, 640-க்கு 480 புள்ளிகளில் 16 வண்ணம் என்ற எளிய நிலையை எல்லாக் கார்டும் பேசும் பொதுமொழி ஆக்கிவிட்டது. விண்டோஸ் 95-இன் சேஃப் மோடு அந்தப் பொதுமொழியில்தான் படம் காட்டியது. ஆகவே கடைக்காரரின் அடுத்த கேள்வி, பயாஸ் எழுத்தாவது வருகிறதா, லோகோ வந்து போகிறதா என்பது. லோகோவரை வந்து அப்புறம் இருண்டால் கார்டும் கேபிளும் மானிட்டரும் குற்றமற்றவை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம், டிரைவரைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, கிராபிக்ஸ் சில்லு இரண்டு நொடி பதில் தராவிட்டால் இயங்குதளமே டிரைவரை மீட்டெடுத்துத் தொடரப் பார்க்கிறது. திரை ஒருமுறை இமைத்துவிட்டு வரும், மூலையில் ஒரு செய்தி தோன்றும். டிரைவர் என்பது என்ன? சில்லு செய்த நிறுவனமும் இயங்குதளம் செய்த நிறுவனமும் சந்திக்கும் இடம். இங்கே மூட்டு என்ற சொல்லை நான் தயங்காமல் பயன்படுத்துவேன், ஏனென்றால் கடைக்காரர் இதையும் கழற்றி மாட்டித்தான் பார்க்கிறார்: இருப்பதை நீக்கி, பழையதைப் போட்டு.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. இவ்வளவு தொல்லைக்கு எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் செய்து மூடிக் கொடுத்தால் என்ன? மூடிய கணினியில் சுவிட்ச் தவறு இல்லை, வோல்ட் தவறு இல்லை. உண்மை. ஆனால் கோளாறு ஒழிவதில்லை. 2011 மாடல் மேக்புக் புரோ மடிக்கணினிகளில் திரை சிதறுவதும் இருளுவதுமாக இருந்த கோளாறுக்கு ஆப்பிள் 2015 பிப்ரவரியில்தான் இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தது. அங்கே கிராபிக்ஸ் சில்லு போர்டோடு ஒட்டியது. கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்க்க வழியில்லை. உரிமையாளரால் செய்ய முடிந்ததெல்லாம் காத்திருப்பதுதான். பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருப்பதும் ஒரு பலன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அசெம்பிள் கணினிக்காரருக்கு அப்படி ஒருவர் கிடையாது, கார்டு விற்றவர் போர்டைக் கைகாட்டுவார், போர்டு விற்றவர் எஸ்எம்பிஎஸ்ஸை. அந்த வெற்றிடத்தில்தான் ரப்பரும் திருப்புளியும் வைத்திருக்கும் மனிதர் நிற்கிறார்.

இன்றைய மூட்டுகள் கண்ணுக்கு இன்னும் நுட்பமானவை. 1999-இன் இன்டெல் 810 சிப்செட்டிலிருந்து போர்டிலேயே படம் வரும் கணினிகள் மலிவாயின. பிறகு அது ப்ராசஸருக்குள்ளேயே போயிற்று. கார்டு போட்ட பெட்டியின் பின்புறத்தில் இப்போது படமுனை இரண்டு இடத்தில் இருக்கிறது, மானிட்டர் கேபிளைப் போர்டின் முனையில் செருகிவிட்டுக் கார்டைக் குறை சொல்வது தினசரிக் காட்சி. போர்டில் முனை இருந்தும் படம் வராத பெட்டிகளும் உண்டு. 2017-இல் ஏஎம்டி விற்ற முதல் ரைசன் ப்ராசஸர்களிலும் 2019-இல் இன்டெல் விற்கத் தொடங்கிய எஃப் வகைகளிலும் படம் வரையும் பகுதி இருக்காது, அல்லது வேலை செய்யாது, முனை வெறும் ஓட்டை. விண்டோஸ் 11-க்காக பயாஸில் பழைய வழியை அடைத்து, புதிய தொடக்க முறையான யூஇஎஃப்ஐயை மட்டும் வைத்தால், அந்த மொழி தெரியாத பழைய கார்டு நலமாக இருந்தும் ஊமையாகிவிடும். பீப்பும் போயிற்று. இப்போதைய கேபினட்டுகள் பலவற்றில் ஒலிபெருக்கி இல்லை. நான்கு பின்னில் செருகும் குட்டி ஒலிபெருக்கியைத் தனியே வாங்க வேண்டும். அதற்குப் பதில் போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள், ப்ராசஸருக்கு ஒன்று, ரேமுக்கு ஒன்று, விஜிஏவுக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று. விஜிஏ என்ற 1987-இன் பெயரை இன்னும் அதில் பார்க்கலாம்.

ஏஎம்டி ப்ராசஸர்களுக்காக 2022-இல் வந்த ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 ரேமைப் போட்டு முதல்முறை முடுக்கும்போது, போர்டும் ரேமும் ஒன்றோடொன்று தாளம் பழகிக்கொள்ள நேரம் எடுக்கின்றன. சில பெட்டிகளில் அது பல நிமிடம். அதுவரை திரை இருட்டு, ரேம் விளக்கு மட்டும் எரியும். எதுவும் கெடவில்லை. ஆனால் பத்து நொடியில் திரை வராவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி ரேமை உருவிப் பழகிய கை சும்மா இருக்காது. நிறுத்தி, உருவி, ரப்பரால் தேய்த்து, செருகி, மறுபடி முடுக்குவார். பழக்கம் முதலிலிருந்து தொடங்கும்.